கதவு முதலில் வந்த லொறி

கிரேனில் ஒரு சுவர் தொங்கிக்கொண்டிருந்தது. முழுச் சுவர். ஜன்னலுக்கு இடைவெளி, கதவுக்கு நிலை என்று எல்லாம் சேர்த்துத் தொழிற்சாலையிலேயே வார்த்த சுவர். அதை எங்கே இறக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

கீழே என் மகள் தர்ஷினி, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு. பாதையோரத்தில் நான், தேங்காயும் கற்பூரமும் போட்ட பையோடு.

அந்தச் சுவர் அந்தரத்தில் நின்றதற்குக் காரணம் நான்தான். அது என்னையும் லொறி டிரைவரையும் தவிர வேறு யாருக்கும் அப்போது தெரியாது.

ஹாலிஎலவிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாமே. அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடிப்பு விட்டிருக்கிறது. இனி அங்கே குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டார்கள். சரி, எங்கே போவது? மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மழையை ரசிப்பவர்கள் குறைவு. கூரையில் சத்தம் கேட்டால் முதலில் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறோம்.

கல் அடுக்கி, பூசி, காயவிட்டு வீடு கட்டினால் மழை முந்திக்கொள்ளும். அதனால்தான் இந்த ஆயத்த வீடுகள். தரை முன்கூட்டியே போட்டாயிற்று. சுவர்கள் கொழும்புப் பக்கமிருந்து வந்து ஹாலிஎலவில் ஒரு மைதானத்தில் காத்திருக்கும். அங்கிருந்து சின்ன லொறியில் தோட்டத்துக்கு. காலையில் சுவர், மாலையில் கூரை, அன்றிரவே உள்ளே படுக்கலாம்.

கேட்கச் சுலபம். ஆனால் எந்தச் சுவர் எப்போது வர வேண்டும், எதன் மேல் எதை ஏற்ற வேண்டும், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓடாத நேரம் எது, கிரேன் எங்கே நிற்கும்... இவ்வளவையும் ஒருவர் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். அந்த ஒருவர் என் மகள். அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை.

முந்தின வாரம் ஒரு சுவரைத் தூக்கிப் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். காற்றில் அது மெல்லத் திரும்பியது. தர்ஷினி தள்ளித்தான் நின்றாள். ஆனால் என் கண்ணுக்கு அவள் அதற்கு நேர் கீழே நின்றதாகவே பட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பயந்த தகப்பன் என்ன செய்வான்? பஞ்சாங்கம் பார்ப்பான்.

ராகுகாலத்தைக் கிண்டல் செய்து பத்திரிகையின் இதே பக்கத்தில் நான் எழுதியதை வெட்டி வைத்திருக்கும் வாசகர்கள் உண்டு. தயவுசெய்து அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நேரம் பார்த்தது என் மனைவி என்று எழுதித் தப்பிக்கலாம்தான். பார்த்தது நான். வீடு என்றால் நல்ல நேரத்தில் நிலை வைக்க வேண்டும், மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து. அதைச் செய்யாமல் ஆரம்பித்தால் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

மகளிடம் சொன்னால் மறுப்பாள். ஆகவே லொறி டிரைவருக்குப் போன் செய்தேன். பிரபா, என் பழைய மாணவன்.

"தம்பி, நாளைக்கு அந்தக் கதவுச் சுவர மேல ஏத்திக்கிட்டு வா. அதுதான் முதல்ல எறங்கணும்."

"மிஸ் வேற மாதிரி சொன்னாங்களே சார்? கதவு கடைசின்னாங்க."

"அத நான் அவகிட்ட பேசிக்கிறேன்."

பேசவில்லை.

மறுநாள் காலையில் லொறியின் தார்ப்பாயை விலக்கியதும் தர்ஷினி நின்றுவிட்டாள்.

"பிரபா அண்ணா, இது ஏன் மேல இருக்கு?"

பிரபா என்னைப் பார்த்தான். நான் தேயிலைச் செடிகளைப் பார்த்தேன்.

முதலில் நிற்க வேண்டிய பின்சுவரை எடுக்க வேண்டுமென்றால் மேலே இருக்கும் கதவுச் சுவரை நகர்த்தியாக வேண்டும். கிரேன் அதைத் தூக்கிவிட்டது. வைக்க இடம்? ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் பள்ளம். நடுவில் வீட்டின் தரை, அது மற்றச் சுவர்களுக்குக் காலியாக இருக்க வேண்டும். அதை விட்டால் பாதை.

நான் மெதுவாகப் பக்கத்தில் போனேன். "இதையே முதல்ல நிறுத்திறலாமேம்மா. ராகுகாலம் வரப்போகுது."

அவள் என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"கிரேன் நிக்கிறது முன்பக்கம் மட்டும்தான்ப்பா. முன்சுவர நிறுத்திட்டா அதுக்கு மேலால பின்சுவரத் தூக்கிப்போட இந்தக் கிரேனுக்குக் கை எட்டாது." குரல் உயரவேயில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

வேறு வழியின்றிச் சுவரைப் பாதையில் இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து கொழுந்து லொறி. ஹார்ன் அலறுகிறது. சாக்கில் அடைத்த கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும் என்று அந்த டிரைவர் கத்துகிறார். தோட்டத்து அதிகாரி வந்து முதலில் பாதையை விடுங்கள் என்றார். சுவர் மறுபடி லொறியில் ஏறியது. லொறி கீழே இறங்கிப் போனது. மேலே மூடுபனி, அதன் பின்னால் மழை. கிரேனும் போய்விட்டது.

அந்த வீட்டுக்குரிய செல்வராணி என்ற பெண் சட்டி பானை, துணிமணி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தயாராக நின்றாள். "அப்ப இன்னைக்கு இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் வேறொருவரிடமிருந்து வந்தது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். "பொம்பளப் புள்ளைய நம்பிக் குடுத்தா இப்புடித்தான். படம் கீறத் தெரியும். லோடு ஏத்தத் தெரியுமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தர்ஷினி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "லோடப் பாக்காம விட்டது என் பொறுப்புதான் அண்ணே. நாளைக்கு முடிச்சிருவோம்."

பிரபா வாயே திறக்கவில்லை. சாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம். நான் கற்றுக்கொடுத்த மரியாதை!

நான்? அங்கேயேதான் நின்றேன். இந்தப் பத்தியில் வாராவாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள். ஒரு வரி சொல்லியிருக்கலாம். "நான்தான் மாற்றச் சொன்னேன்." அவ்வளவே. பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் செய்தி வந்தது. இரவு மழையில் மண்மேடு சரிந்து, செல்வராணி வீட்டுக் குசினியின் பின்சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. குளிருக்காக அடுப்புப் பக்கத்தில்தான் அவள் பிள்ளைகள் வழக்கமாகப் படுப்பார்கள். அன்று அங்கே மூட்டைகள் கிடந்ததால் முன்பக்கம் படுத்திருந்தார்கள். பிள்ளைகள் படுக்கும் இடத்தில் மூட்டைகள் புதைந்துபோயின.

 நல்ல நேரம் பார்த்து நான் ஒரு வீட்டைத் தள்ளிப்போட்ட இரவு அது.

தர்ஷினி உடனே புறப்பட்டாள். நானும் செருப்பைத் தேடினேன். "நீங்க வர வேணாம்ப்பா." கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அன்று சுவர்கள் அவள் சொன்ன வரிசையில் வந்தன. பின்சுவர், பக்கச் சுவர்கள், கடைசியாகக் கதவு. கொழுந்து லொறி வருவதற்கு முன் பாதை காலி. பொழுது சாயக் கூரையும் ஏறிவிட்டது. வேகம் கிரேனில் இல்லை, வரிசையில் இருக்கிறது. அந்த வரிசைக்குள் கை விடும் உரிமை, பெற்றவன் என்பதாலேயே எனக்கு உண்டென்று எப்படி நினைத்தேன்? பிள்ளையைப் படிக்க வைத்தேன். அவள் படிப்பை நம்ப மறந்துவிட்டேன்.

சில நாள் கழித்துச் செல்வராணியின் புது வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பாரம் குறையும் என்று ஒரு நப்பாசை.

அவள் மண்சரிவைப் பற்றிப் பேசவேயில்லை. "அப்ப அன்னைக்கு அந்தப் புள்ளைய அவ்வளவு பேசுனாங்களே, நீங்க பக்கத்துலதானே சார் நின்னீங்க?"

"ஆமா."

"உங்க புள்ளதானே?"



"தலைவர்கிட்ட போய்ச் சொல்லிர்றேன்ம்மா" என்றேன்.

"தனியா சொல்லி என்னாத்துக்கு? நாலு பேரு சிரிச்சாங்கல்ல, அந்த நாலு பேரு இருக்கப்ப சொல்லுங்க."

மறுநாள் விடியற்காலையிலேயே போனேன். வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடும் பெரட்டுக்களத்தில், கூடையும் மழைக்குப் போர்த்தும் கொங்காணியுமாக நின்றவர்கள் முன்னால் சொன்னேன். பாடம் நடத்திப் பழகிய குரல், அன்று அடிக்கடி தடுக்கியது. அடுத்த வீட்டு வேலைக்காகத் தர்ஷினியும் வந்து ஓரமாக நின்றிருந்தாள். அது எனக்குத் தெரியாது.

முடித்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப தப்பு நம்ம மேலயும் இருக்கு. மன்னிச்சிக்கம்மா" என்று அவள் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "சாரு, அடுத்த வூட்டுக்கும் நேரம் பாத்துட்டீங்களா?"

களமே சிரித்தது. சிரிக்கட்டும். இந்தச் சிரிப்பு சரியான ஆளிடம் வந்து சேர்ந்திருந்தது.

தர்ஷினி சிரிக்கவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவுமில்லை. ஆனால் பிரபா மூலம் ஒன்று தெரிந்துகொண்டேன். எல்லா லொறி டிரைவர்களுக்கும் இப்போது புது விதியாம்: லோடு விஷயமாக மிஸ்ஸைத் தவிர யார் போன் செய்தாலும் எடுக்கக் கூடாது.

யார் அந்த 'யார்' என்று ஒரு டிரைவர்கூடக் கேட்கவில்லையாம்!