நூறு துண்டுக்கு ஒரே பாவு

பதினொன்றரை மணிக்கு ஏற்றுமதி ஆபீசிலிருந்து துணி விவர ஃபைல் திரும்பி வந்தது. நான்கு மணிக்குள் சரியான ஃபைல் போகாவிட்டால் பெட்ஷீட் ஆர்டர் கை மாறிவிடும். சோமனூர் பழனிசாமி அண்ணனின் பன்னிரண்டு தறியும் நிற்கும். காரணம், எட்டாம் வகுப்பைத் தாண்டாமலே சரவணம்பட்டி சாஃப்ட்வேர் கம்பெனிக்குள் நுழைந்துவிட்ட நான்.

தறி ஃபிட்டரான என்னை, விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பி வேலைக்கு எடுத்திருந்தார்கள். அவர்கள் தலையெழுத்து. எக்ஸ்எம்எல் ஃபைலில் எந்த விவரம் எங்கே, எத்தனை தடவை வரலாம் என்ற சட்டம்தான் ஸ்கீமா. சட்டம் போடும் குஷியில், ஒவ்வொரு துணித் துண்டின் பதிவுக்குள்ளும் அதை நெய்த பாவின் முழு ஜாதகத்தையும் எழுத வைத்தேன். பாவு என்பது தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல். ஒரே பாவில் நூறு துண்டு இறங்கும். ஆக, நூறு ஜாதகம். அன்று காலை, நூலின் பருமனைச் சொல்லும் நூல் நம்பரைத் திருத்தியபோது எண்பது இடத்தில் மாற்றினேன், இருபது இடத்தில் விட்டுவிட்டேன்.

போனில் அண்ணன் பொரிந்தார்: "ஏனுங்க, அதே பாவு ஒருக்கா நாப்பதாம் நம்பர் நூலுங்கறீங்க, ஒருக்கா அறுபதுங்கறீங்க! தறிய நிறுத்திப்போட்டு உங்களுக்கு மாலை போட வரட்டுங்களா?"

புரோகிராம் எழுதும் கவிதா என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"அண்ணா, தறியில துண்டு அறுத்தா அதுல என்ன எழுதுவீங்க?"

"பாவு நம்பர மட்டும் ஓரத்துல சாக்பீஸ்ல கிறுக்குவேன் அம்மணி."

"மத்த விவரம்?"

"பாவுல ஒரு அட்டை தொங்குமுங்க, அதுல இருக்கும்."

"அப்ப இங்க எதுக்குங்ணா நூறு தடவை?"

"கம்ப்யூட்டருக்கு மூளை கம்மின்னு நெனச்சேன்."

"யாருக்குக் கம்மின்னு இப்பத் தெரியுதுங்ளா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபது வருஷம் கையால் செய்ததை மூளைக்குச் சொல்ல மறந்திருக்கிறேன்! ஏற்றுமதி ஆபீசிலும் எங்கள் சாஃப்ட்வேர்தான் என்பதால் ஸ்கீமாவையே மாற்றினோம். பாவு விவரம் ஃபைலின் மேலே ஒரே ஒரு தடவை, ஐடியோடு, அதாவது பாவு நம்பரோடு. துண்டுக்குள் அந்த ஐடி மட்டும். மேலே இல்லாத ஐடியைத் துண்டு சொன்னால் ஃபைல் செல்லாது. வேண்டுமென்றே தப்பு ஐடி போட்டுப் பார்த்தேன். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. நான் போட்ட சந்தோஷக் கூச்சலில் பக்கத்து ரூம்காரர்கள் ஓடி வந்தார்கள்.

மூன்று நாற்பதுக்கு ஃபைல் போனது. அரிசி மூட்டை போல இருந்த ஃபைல் ஒரு படி அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஐந்து நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

அண்ணன் போனைத் தறிப்பக்கம் நீட்டினார். "கேக்குதுங்ளா?" பன்னிரண்டும் தடதடவென்று ஓடின.

இப்போது என் கீபோர்டு பக்கத்தில் ஒரு சாக்பீஸ் இருக்கிறது. ஸ்கீமா எழுதும்போது, துண்டு ஓரத்தில் கிறுக்க இடம் போதாத எதையும் அந்தத் துண்டுக்குள் வைப்பதில்லை.