ஆமென் வராத ஜெபம்

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் எடுத்தாள். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. விடுமுறை வந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு பல்லாவரம் மலை, கோவளம் பாறை என்று கிளம்பிவிடுவாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பாறை ஏறுவதைப் பார்த்து மீன் விற்கும் பெண்கள் சிரிப்பார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

அந்த மே மாதம் என்னிடம் மட்டும் ஒரு ரகசியம் சொன்னாள். சனிக்கிழமை அவள் போவது, வீட்டில் சொன்னதுபோல் வேலூரில் பதினைந்து நாள் நடக்கும் ஆசிரியைகள் பயிற்சிக்கு இல்லை, இமயமலைக்கு. டீச்சர்கள் நாலு பேர் பனியாறு பார்க்கப் போகிறார்கள்.

"வருஷா வருஷம் போர்டுல பனியாறு வரையறேன்டி. ஒரு தடவையாவது அது மேல நிக்க வேணாமா? உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுடுவார். மூச்சு விடாதே."

சத்தியம் செய்யக்கூடாது என்று ஞாயிறு பள்ளியில் சொல்லியிருந்ததால் தலையை மட்டும் பலமாக ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. முறை வைத்து ஒருவர் ஜெபிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என் முறை. அத்தை பனியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. கடவுளிடம் சொன்னால் ரகசியம் போகாது என்று நானாகவே முடிவுகட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்: "ஆண்டவரே, நாளைக்கு அத்தை இமயமலைக்குப் போறாங்க. பனியில கால் வழுக்காம காத்துக்கொள்ளும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது, அப்பாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று. ஐயோ! ஆமென் சொன்னால் எல்லாரும் கண்ணைத் திறந்துவிடுவார்கள். ஜெபத்தின் நடுவே குறுக்கிடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆகவே நான் நிறுத்தவே இல்லை. போதகருக்காக, பால்காரருக்காக, அவருடைய எருமைக்காக, மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்காக என்று மூச்சு வாங்க வேண்டிக்கொண்டேன். கடைசியில் அப்பாவே "ஆமென்!" என்று ஒரு போடு போட்டார்.

அவர் முகம் சிவந்திருந்தது. "பொம்பளைங்க தனியா பனிமலைக்கா? ஒண்ணும் போக வேணாம்."

அத்தை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பாறை ஏறுகிற அத்தையை அப்படிப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவி, நான்தானே கெடுத்தேன்!

அப்போது, அப்பா பேச்சுக்கு மறுபேச்சே பேசாத அம்மா வாயைத் திறந்தாள். "போய்ட்டு வரட்டுங்க. குழந்தை அவளுக்காக ஜெபம் பண்ணியாச்சு. இனிமே வேணாம்னு சொல்றது நல்லால்ல."

ஜெபத்தை எதிர்த்து அப்பாவால் என்ன பேச முடியும்? எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அம்மா, கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருந்த தகரப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் எடுத்து வந்தாள். அம்மாவே கையால் பின்னியது, ஒருநாள்கூடப் போடாதது. தாம்பரம் வெயிலில் கம்பளி சாக்ஸா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை போட்டுப் பார்த்தாள்.

"பெரிசா இருக்கே அண்ணி. உங்க அளவா?"

"உள்ள இன்னொரு சாக்ஸ் போட்டுக்கோ, சரியாயிடும்" என்றாள் அம்மா.

அத்தை சட்டென்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். போகலாம் என்று ஆன பிறகும் அழுகிறாளே, என்ன பைத்தியம் இவள் என்று நினைத்துக்கொண்டேன்.