பானை வண்டி ஓடிய ஐந்து சுற்று

ரங்கூனிலிருந்து மாவ்பிக்குப் போகும் சாலையில், கடைத்தெருவுக்குச் சற்று முன்னால், இன்று ஆயத்த ஆடைத் தொழிற்சாலை நிற்கும் இடத்தில், என் சிறுவயதில் ஒரு கார்ப் பந்தயத் திடல் இருந்தது. திடல் என்றதும் படிக்கட்டு இருக்கைகளையும் தார்ப் பாதையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெரிய குளம், அதைச் சுற்றி ஒரு செம்மண் பாதை, பாதைக்கு வெளியே ஒரு மண்மேடு. அவ்வளவுதான்.

அதை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. அதற்கு முன் அங்கே செங்கல் சூளை நடந்தது. மண்ணை வெட்டி வெட்டிப் பெரும்பள்ளம் விழுந்தது. லாரிகள் அந்தப் பள்ளத்தைச் சுற்றி வந்து செங்கல் ஏற்றின. எதிரெதிரே முட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லா லாரிகளும் ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்று சூளை மேஸ்திரி சட்டம் போட்டார். முதலில் வந்த லாரிக்கு முதலில் சரக்கு என்பது அவருடைய இன்னொரு சட்டம். இரண்டும் சேர்ந்தால் பந்தயம் வராமல் வேறு என்ன வரும்? சூளை மூடிய பிறகு பள்ளத்தில் மழைநீர் நின்று அல்லி பூத்தது. லாரிக்காரர்கள் மட்டும் பழக்கத்தை விடவில்லை. மழை ஓய்ந்த மாதங்களில் ஞாயிறுதோறும் வந்து சுற்றினார்கள். பிறகு பழைய ஜீப்புகள் வந்தன, வாடகை வண்டிகள் வந்தன. என் காலத்தில் ரங்கூனின் தாமுவே பகுதியில் பட்டறை வைத்திருந்த எந்த மெக்கானிக்கையும் ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் பார்க்க முடியாது. என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர்.

சூளை மேஸ்திரியே பந்தயத்துக்கும் நடுவரானார். அவர் பர்மியர். எல்லோரும் அவரை ஊஜீ, அதாவது பெரியப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ்க் கூலியாட்களிடம் பல வருஷம் வேலை வாங்கியதில் தமிழ் சரளமாக வரும். மேட்டின் மேல் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்புத் துணியை ஆட்டி ஓட்டத்தைத் தொடங்கி வைப்பார். பக்கத்தில் ஒரு தகரப் பலகை. அதில் அவர் கையால் பெயர் எழுதப்பட்டவர்கள்தான் பாதையில் வண்டி இறக்கலாம்.

பந்தயத்துக்கு அவர் வைத்திருந்த சட்டங்களும் இரண்டுதான். நான்கு வண்டிக்குக் குறைந்தால் ஓட்டம் கிடையாது. பெண்கள் பாதையில் இறங்கக் கூடாது. இறங்கினால் ஓட்டுகிறவர்களின் ‘போன்’ போய்விடுமாம். போன் என்பது ஆண்பிள்ளைக்குப் பிறவியிலேயே வாய்த்த ஒரு மகிமை என்று பர்மியர்கள் சொல்வார்கள். சித்தப்பாவிடம் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன்.

அந்த இரண்டாவது சட்டத்தால் பாதிக்கப்பட்ட ஒரே ஆள் என் அத்தை. அப்பாவின் தங்கை. மாமா கப்பல் வேலைக்குப் போனபோது விட்டுச் சென்ற சின்ன பப்ளிகா பிக்கப் வண்டியை அத்தை வீணாக நிறுத்தி வைக்கவில்லை. த்வாண்டேயிலிருந்து படகில் வந்து இறங்கும் மண்பானைகளைத் துறையிலேயே ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளில் போடுவார். மேடு பள்ளமான சாலையில் ஒரு பானைகூட விரிசல் விடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மாவ்பி நடை. பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் கூடப் போவேன். பானைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் திடலில் நின்று வேடிக்கை பார்ப்போம். அத்தை வண்டிகளைப் பார்க்க மாட்டார். வளைவில் அவை எந்தத் தடத்தில் போகின்றன என்று மண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். பலகையில் தன் பெயரை எழுதும்படி ஊஜீயிடம் மூன்று முறை கேட்டிருந்தார். மூன்று முறையும் ஊஜீ சிரித்துக்கொண்டே வெற்றிலையை நீட்டினார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாவ்பியில் பானைக்கடை பூட்டிக் கிடந்தது. இறக்காத சரக்கோடு திடலுக்கு வந்தோம். பெட்ரோல் கிடைக்காத வாரம் அது. நான்கே வண்டிகள் வந்திருந்தன. நான்காவது சித்தப்பாவின் ஜீப். அதை அவரும் இரண்டு நண்பர்களும் தள்ளினார்கள், பிறகு மூடியைத் திறந்து பார்த்தார்கள், பிறகு மறுபடியும் தள்ளினார்கள். ஜீப் அசையவில்லை. ரங்கூனிலிருந்து பஸ் பிடித்து வந்த கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது.

அத்தை மேட்டின் கீழே போய் நின்றார்.

“நாலு வண்டி வேணும், அவ்வளவுதானே ஊஜீ? நான் வர்றேன்.”

“உன் வண்டியில பானை இருக்கு, தமீ,” என்றார் ஊஜீ. தமீ என்றால் மகளே என்று அர்த்தம்.

“இருக்கட்டும். பின்னால கனம் இருந்தா வளைவுல வண்டி வழுக்காது.”

“போன் போயிடும்னு இவங்க சொல்லுவாங்களே.”

“மூணு பேரையும் கேளுங்க. பயமா இருந்தா நான் வரலை.”

ஓட்டுகிறவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பயமாக இருக்கிறது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஊஜீ, “இன்னைக்கு மட்டும். பலகையில எழுத மாட்டேன்,” என்றார்.

அத்தை என்னை லப்பே என்னும் ஊறவைத்த தேயிலை விற்கும் பெண்மணியின் பாயில் உட்கார வைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. பானைகள் போகலாம், நான் போகக் கூடாதா? சக்கரங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்குத் தெரியாமல் பின்பக்கமாக ஏறி, இரண்டு பெரிய தண்ணீர்ப் பானைகளுக்கு நடுவே வைக்கோலில் படுத்துக்கொண்டேன்.

சிவப்புத் துணி ஆடியதை நான் பார்க்கவில்லை, வயிற்றில் உணர்ந்தேன். முதல் இரண்டு சுற்றிலும் எனக்குத் தெரிந்ததெல்லாம் வானமும் புழுதியும்தான். பானைகள் ஒன்றோடொன்று கிசுகிசுத்தன. முழங்கால் எதிலோ உரசித் தோல் போனது. மூன்றாவது சுற்றில் ஒரு வண்டியின் சத்தம் பக்கத்தில் வந்து பின்னால் போயிற்று. நான்காவதில் இன்னொன்று. ஐந்தாவது சுற்றோடு பந்தயம் முடியும்; அதன் தொடக்கத்தில் மூன்றாவது வண்டியும் பின்தங்கியது. மற்றவை வளைவுகளில் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு குளத்தோரம் சறுக்க, எங்கள் வண்டி பானைக் கனத்தில் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது.

இதற்கு மேல் படுத்துக் கிடக்க என்னால் முடியவில்லை. எழுந்து, பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குளத்தின் பக்கமாகச் சாய்ந்து நின்று கத்தினேன்.

“போங்க அத்தை, விடாதீங்க!”

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அத்தையின் கண்கள் தெரிந்தன. அவ்வளவு பெரிய கண்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உற்சாகம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை ஆட்டினேன்.

வண்டி வேகம் குறைந்தது. சட்டென்று நிற்கவில்லை, ஒரு தூளியை நிறுத்துவதுபோல் மெல்ல மெல்ல அடங்கியது. மூன்று வண்டிகளும் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போயின. மீதி அரைச் சுற்றையும் அத்தை நடந்து போகும் வேகத்தில் ஓட்டினார். கூட்டம் சிரித்தது. போன் காப்பாற்றப்பட்டது என்று யாரோ கத்தினார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஏன் அத்தை நிறுத்துனீங்க? நாமதானே முன்னால போனோம்.”

அத்தை என்னை இறக்கி, கை கால்களைத் தடவிப் பார்த்தார். “பானை உடைஞ்சிரும்டி,” என்றார்.

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். சித்தப்பா அதை நாலு பேரிடம் நகைச்சுவையாகத் திருப்பிச் சொன்னார். மேட்டைவிட்டு இறங்கும் வழக்கமே இல்லாத ஊஜீ அன்று இறங்கி வந்தார். என் தலையிலிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டுவிட்டு அத்தையிடம் கேட்டார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வருவியா, தமீ?”

“வருவேன்.”

“பின்னால என்ன இருக்குன்னு பார்த்துட்டு ஏறு.”

மேட்டுக்குத் திரும்பிப் போய்த் தூரிகையை எடுத்துப் பலகையில் அத்தையின் பெயரை எழுதினார். கடைசியாக வந்தவருக்கு எதற்கு மரியாதை என்று எனக்கு விளங்கவில்லை. பாவம் பார்த்து எழுதியிருப்பார் என்று முடிவு செய்துகொண்டேன். அந்தப் பருவம் முடிவதற்குள் அத்தை இரண்டு முறை முதலாவதாக வந்தார் என்பதும், ஒருவருடைய போனுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் பிறகு நடந்தவை.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, திடல் கண்ணைவிட்டு மறைந்ததும் அத்தை வண்டியைச் சாலையோரம் நிறுத்தினார். இறங்கிப் போய் ஒரு மரத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் ஈரமாக இருந்தது. தோற்றுப்போன துக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கோபத்தையெல்லாம் மறந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பரவாயில்லை அத்தை. அடுத்த தடவை பயப்படாம ஓட்டுங்க.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்து, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டும்படி இறுக்கிக்கொண்டார். ஒரு நல்ல வார்த்தைக்கு இத்தனை பலன் இருக்கிறதே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.