மூன்றாவது நாற்காலியில் ஒரு ஹெல்மெட்

மனநல கவுன்சிலிங் தரும் மேடத்தை நினைத்தாலே முதலில் ஞாபகம் வருவது அந்த மூன்றாவது நாற்காலிதான். திருப்பாதிரிப்புலியூரில் அவர் அறைக்குத் தனியாகப் போகக் கூச்சப்பட்டு, மாமா மகனான மச்சான் என்னையும் இழுத்துப் போயிருந்தான். அவன் மடியில் ஒரு கறுப்பு ஹெல்மெட். பைக்கை விற்ற பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். ஆலப்பாக்கம் அருகே லாரி மோதியபோது அது அவன் தலையில் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் தலையில் ஒன்றும் இல்லை. நண்பன் போய்விட்டான். மேடம் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "அதையும் உட்கார வைங்க தம்பி, கை வலிக்கும்ல" என்றார்.

அப்போது மச்சானின் வேலையே போகிற நிலை. சிதம்பரத்தில் மருந்துக் கடை வேலை. பஸ் விபத்து நடந்த இடத்தை நெருங்கினாலே மூச்சு முட்டி இறங்கிவிடுவான். மேடம் அவனோடு பேசிப் பேசிச் சில வாரங்களில் வழி கண்டார்: ரயிலில் போவது, முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்வது. வேலை தப்பியது. எதற்கும் அவசரப்படுகிற நான், "மேட்டர் ஓவர் மச்சான்!" என்று அங்கேயே கத்திவிட்டேன். "வாயை மூடுடா. என் தூக்கத்தைத் தூங்கிப் பாரு, தெரியும்" என்றான் அவன்.

மேடம் அதைப் பிடித்துக்கொண்டார். "வேலைக்குப் போக வழி பண்ணிட்டோம், அது நம்ம கவுன்சிலிங். ஆனா பாதி தம்பி இன்னும் அந்த ரோட்லயே நிக்கிறாரு. அவரைக் கூட்டியாற நாள் ஜாஸ்தி ஆவும். அது சைக்கோதெரபி. அதுக்குன்னு பயிற்சி எடுத்தவுங்க சிதம்பரத்துல இருக்காங்க. நான் கை வைக்கக் கூடாது."

இரண்டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு என்று பேசிக்கொண்டிருந்தவன் நான். அன்றுதான் புரிந்தது: ஒன்று கண்ணெதிரே நிற்கும் சிக்கலுக்கு வழி தேடுகிறது. மற்றது உள்ளே தங்கிவிட்ட காயத்தோடு மாதக்கணக்கில் பொறுமையாக உட்காருகிறது. நடுவே தெளிவான கோடு எப்போதும் இருக்காது என்று பிறகு படித்தேன். ஆனால் ஜெயித்த கையோடு, "இதற்கு மேல் நானில்லை" என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

ஓராண்டுக்கு மேல் மச்சான் சிதம்பரத்தில் சைக்கோதெரபி தரும் அம்மாவிடம் போய்வந்தான். நடுவில் கோபித்துக்கொண்டு போகாமலும் இருந்தான், பிறகு தானே போனான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய சாதனை.

போன ஞாயிறு வாசலில் ஹார்ன் சத்தம். செகண்ட் ஹேண்ட் பைக்கில் மச்சான், தலையில் அதே கறுப்பு ஹெல்மெட். ஸ்டிக்கர் பிரிக்காத புதிய ஒன்றை நீட்டி, "சிதம்பரம் போறேன், வர்றியா? மொதல்ல இதை மாட்டு" என்றான். ஆலப்பாக்கத்தில் ஓரங்கட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு சற்று நேரம் நின்றான். பிறகு எடுத்து மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.