மற்றக் கை

பியானோ பழகினால் பிள்ளைக்குக் கணக்கு ஓடும் என்று அம்மாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். எனக்குக் கணக்கு இன்றுவரை ஓடவில்லை. பதினாறு வயதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். ஆனால் பக்குரங்காவிலோ பாட்டனி டவுன்ஸிலோ ஒரு வீட்டுக்குள் போய் சீலிங்கை அண்ணாந்து பார்த்து, ஜிப்சம் பலகைகளின் பொருத்து எங்கே என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், அது நான் சாந்து பூசிய சீலிங்காக இருக்கும். மற்றவர்கள் ஒரு பக்கம் பூசிவிட்டு இறங்கி ஏணியை நகர்த்துவார்கள். நான் நகர்த்துவதில்லை. வலப்பக்கத்தை வலக்கையாலும் இடப்பக்கத்தை இடக்கையாலும் பூசி முடித்துத்தான் இறங்குவேன். என்னிடம் வேலை பழகிய ஒருவனுக்கும் இன்னும் அது வரவில்லை. அந்தக் கை எனக்குப் பியானோவில் கிடைத்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரை விட்டு வந்து, வெள்ளைக்கார நாட்டில், விமான நிலையத்தை அடுத்த மங்கரேயில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை. நான் பிறவியிலேயே இடக்கைக்காரன். அது எங்கள் வீட்டில் செல்லாது. சாப்பாட்டு மேசைக்கு மேலே இடக்கை வந்தால் அப்பா கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டுவார். கோபமெல்லாம் இல்லை, ஈ விரட்டுவது போலத்தான். வேலை முடிந்து வந்து தமிழ் எழுத்துகளை வலக்கையால் எழுதவைப்பார். இதை எழுதுகிற தமிழ் அப்படி வந்ததுதான். இடக்கை பெரும்பாலும் என் தொடைக்குக் கீழே குடியிருந்தது.

எங்கள் தமிழ் ஆராதனை ஞாயிறு பின்னேரங்களில் ஒரு வெள்ளைக்காரச் சபையின் மண்டபத்தில் நடக்கும். அங்கிருந்த பியானோவில் சனிக்கிழமைகளில் வயதான டீச்சர் ஒருவர் பிள்ளைகளுக்குப் பழக்கினார். சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட அப்பாவுக்கு ஒரு நிமிடம் எடுத்தது. ஒவ்வோர் எழுத்தையும் பாரமான பெட்டி போலத் தள்ளிக்கொண்டு போனார். ஆங்கிலம் அவருக்குக் கஷ்டம் என்று நினைத்தேன்.

முதல் நாள் வலக்கையை மட்டும் பியானோவில் வைத்தேன். டீச்சர் குனிந்து பார்த்தார்.

“மற்றக் கை எங்கே, விடுமுறையிலா?”

வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. இரண்டு மாதத்தில் அவரே சொன்னார், மற்றப் பிள்ளைகளின் வலக்கையை விட என் இடக்கை கெட்டிக்காரன் என்று. அதுவரை என்னை யாரும் எதற்கும் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. இப்போது சொல்லாதவர்கள் குறைவு.

வீட்டில் பியானோ இல்லை. அப்பா வேலைக்குப் போனதும் சாப்பாட்டு மேசையில் இரண்டு கையாலும் அடிப்பேன். அம்மா கண்டும் காணாததுபோல் இருந்தார். டிசம்பரில் நத்தார் ஆராதனைக்கு நான்தான் வாசிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னபோதுதான் அம்மாவுக்குக் கலக்கம் பிடித்தது.

“வலக்கையால மட்டும் வாசிச்சால் காணாதோ, ராசா? அப்பா முன்வரிசையில இருப்பார். ஆண்டவற்ற பாட்டை அந்தக் கையால வாசிக்கிறதைக் கண்டால் பியானோவையே நிப்பாட்டிப்போடுவார்.”

“ஒரு கையால வாசிச்சால் பாட்டு நொண்டும், அம்மா.”

“நொண்டினாலும் பரவாயில்லை. போய்ச் சேரும்தானே.”

நத்தார் அன்று அம்மாவுக்காக வலக்கையால் மட்டும் தொடங்கினேன். பாட்டு நொண்டியது. சபை எந்த இடத்தில் சேருவது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. பின்வரிசையில் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இனிப் பியானோ போனாலும் போகட்டும் என்று தொடைக்குக் கீழிருந்த கையை எடுத்துப் போட்டேன். அடுத்த வரியில் மண்டபம் முழுக்க ஒரே குரலானது. நான் தமிழனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் எத்தனையோ வீடு பூசியிருக்கிறேன். எந்தச் சுவரும் அப்படி ஒரே வீச்சில் நேரானதில்லை. முன்வரிசைப் பக்கம் மட்டும் நான் திரும்பவில்லை.

பிறகு தேநீர். மன்னார்க்காரர் ஒருவர் அப்பாவின் தோளில் தட்டினார்.

“அண்ணை, உங்கட பெடியன்ர இடக்கையெல்லோ இண்டைக்குப் பாட்டைத் தூக்கி நிறுத்தினது!”

நான் அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்தேன்.

“ஓம்,” என்றார் அப்பா.

அவ்வளவுதான். பிறகு தட்டிலிருந்து ஒரு கேக் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். இடக்கையால்.

எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்! “அப்பா, பிழைக் கை! பிழைக் கை!” என்று மண்டபம் கேட்கக் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா தன் கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். கேக்கை வலக்கைக்கு மாற்றித் திரும்ப நீட்டினார்.

“வாயை மூடிக்கொண்டு தின்னடா,” என்றார் அம்மா. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

பியானோ நிற்கவில்லை. கரண்டிக் காம்பும் அதன் பிறகு என் பக்கம் வரவில்லை. அப்பாவை வென்றுவிட்டேன் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அப்பாவும் பிறவியில் இடக்கைக்காரர் என்பதை, நான் வளர்ந்து, சொந்தமாகத் தொழில் தொடங்கிய பிறகுதான் அம்மா சொன்னார். அவ்வளவு வருடத்துக்குப் பிறகு அப்பாவின் அந்தக் கை அந்த நத்தார் அன்றுதான் பயமில்லாமல் வெளியே வந்தது. அதைத் தட்டி மறுபடி உள்ளே அனுப்பியவன் தான்தான் என்று, கேக் தின்றுகொண்டிருந்த அந்தக் கெட்டிக்காரனுக்கு விளங்கவில்லை.