ஏரியல் மோட்டாரில் நின்ற தண்ணீர்

காரைக்குடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் கார் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர் ஹனிபா. தான் வேலை பார்த்த வண்டி பழுதாகித் திரும்பி வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

1974 ஐப்பசியில், நல்ல மழைக்காலம், கானாடுகாத்தானிலிருந்து ஒரு செட்டியார் வீட்டு ஆச்சியின் கறுப்பு அம்பாசடர் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதற்கு ரேடியோ வைத்துக் கொடுத்தவர் அவர்தான். பினாங்கிலிருந்து வந்த ரேடியோ. சுவிட்சைப் போட்டால் மோட்டாரில் தானாக மேலே ஏறுகிற ஏரியல் கம்பியும் கூடவே வந்திருந்தது.

ஓட்டி வந்தவன் மருது என்ற புது டிரைவர்.

"ஏகப்பன் எங்கே?" என்றார் ஹனிபா. பதினோரு வருஷம் அந்த வண்டியை ஓட்டியவர் ஏகப்பன்.

"ஆச்சி வேலையை விட்டு அனுப்பிட்டாக பாய். காலையில பார்த்தா பேட்டரி செத்துக் கிடக்கும். ஷெட்டுக்குள்ள உக்காந்து ரேடியோ கேட்டே தீத்துப்புட்டாருன்னு, வேலைக்காரங்க எல்லார் முன்னாடியும் வஞ்சு சாவியை வாங்கிட்டாக. அவரு போயி மாசம் ஒண்ணாச்சு. இன்னமும் பேட்டரி நிக்கல."

ஹனிபா எல்லா சுவிட்சையும் அணைத்தார். பேட்டரி வயரைக் கழற்றி நடுவில் ஒரு சின்ன பல்பை மாட்டினார். எதுவும் ஓடாத வண்டியில் அது எரியக் கூடாது. மங்கலாக எரிந்தது. ரேடியோ வயரை எடுத்தார், அணையவில்லை. பேட்டரியிலிருந்து ஏரியல் மோட்டாருக்கு நேராகப் போகும் வயரை எடுத்ததும் அணைந்தது.

மட்கார்டுக்குள் கையை விட்டு மோட்டாரை இறக்கினார். மழைத் தண்ணீர் வடிவதற்கு அடியில் ஒரு ரப்பர் குழாய் உண்டு. அது மடங்கி, மோட்டாரைப் பிடித்திருந்த பட்டைக்குள் நசுங்கிக் கிடந்தது. தண்ணீர் உள்ளேயே தேங்கி, வயர் முனை பச்சையாகப் பூத்திருந்தது. அந்த ஈரத்தின் வழியாகத்தான் கரண்ட் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

அந்தப் பட்டையை முடுக்கியது அவருடைய கை.

"பழசாகிக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிருவோம் பாய்," என்றான் மருது.

ஹனிபா அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போக வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

ஆச்சி முழுவதையும் கேட்டார். "அவனை என்ன வார்த்தையெல்லாம் சொன்னேன் தெரியுமா?" என்றார்.

"தப்பு என்னுது ஆச்சி. அவர் மேல ஒண்ணுமில்ல."

அப்போதே இருவரும் ஏகப்பனைத் தேடி ஒக்கூருக்குப் போனார்கள். பேர் கெட்டுப்போன டிரைவருக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை. ஏகப்பன் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். தோளில் தவிட்டோடு வந்து நின்று அவர்கள் சொன்னதைக் கேட்டார்.

"அங்க அத்தனை பேர் முன்னாடி சொன்னீக ஆச்சி. இங்க வந்து தனியாச் சொல்றீக," என்றார். திரும்பி மூட்டை தூக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் சமையல்காரர் முதல் வாசல் பெருக்குகிறவர் வரை எல்லாரையும் ஷெட்டுக்கு முன்னால் கூட்டினார் ஆச்சி. சொல்லியனுப்பியிருந்ததால் ஏகப்பனும் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஹனிபா அந்த நசுங்கிய குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, தான் செய்ததைச் சொன்னார். அடுத்து ஆச்சி, தான் வைதது தப்பு என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினார்.

ஏகப்பன் கும்பிட்டார். சாவியை வாங்காமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

தை மாதம் ஒரு டாக்ஸி முதலாளி ஏகப்பனைப் பற்றி விசாரிக்க ஹனிபாவின் கடைக்கு வந்தார். அவரிடமும் ஹனிபா ஒன்று விடாமல் சொன்னார். மாசியில் அந்த டாக்ஸி ஹாரன் ரிப்பேருக்கு வந்தது. ஓட்டி வந்தவர் ஏகப்பன். டீ குடிக்கக்கூடப் போகாமல், வேலை முடியும் வரை பக்கத்திலேயே நின்று ஹனிபாவின் கையைப் பார்த்தார்.