சீர்வரிசையில் ஓர் எண்ணெய் டின்

அக்காவுக்குக் கார்த்திகைச் சீர் கொண்டுபோவதற்காக அந்த வருடம் அப்பா எடுத்து வைத்த தாம்பாளங்களில் ஒன்றில் சேலையும் வேட்டியும் இருந்தன. இன்னொன்றில் மலைவாழைப் பழமும் தேங்காயும். மற்றொன்றில் பொரியும் வெல்லமும். கடைசித் தாம்பாளத்தில் எஞ்சின் எண்ணெய் டின் ஒன்று, சந்தனமும் குங்குமமும் இட்டு, கழுத்தில் செவ்வந்திச் சரம் சுற்றி, பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளையைப் போல் நின்றது. அம்மா காலமான பிறகு சீர் எடுத்து வைப்பதையெல்லாம் அப்பாவே செய்தார். எதைக் கொடுத்தால் மகள் வீட்டுக்கு உபயோகப்படும் என்று அவர் யோசித்து யோசித்துச் சேர்த்தவற்றில் அந்த டின்னும் ஒன்று.

மச்சான் அதற்கு முந்திய மாதம்தான் புதுக் கார் வாங்கியிருந்தார். போடிமெட்டுக்கு அருகே, ரோட்டிலிருந்து சரிந்து இறங்கும் ஒரு பள்ளத்தில் அவருடைய ஏலத்தோட்டமும் வீடும் இருந்தன. நடந்தவை அனைத்தும் அந்தப் பள்ளத்தைச் சார்ந்தவை என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் இரவில் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவார்கள். காலையில் எஞ்சின் மக்கர் செய்தால், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை எடுத்துவிட்டு உருட்டினால் போதும், கிளம்பிவிடும். மச்சான் வீட்டுக்கு அந்த வசதி இல்லை. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம்தான். எஞ்சின் தன் பலத்தில் கிளம்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

முந்திய மார்கழியில் அது கிளம்பவில்லை. அப்போது மச்சானிடம் இருந்தது ஒரு பழைய ஜீப். அக்காவுக்கு ஏழாம் மாதம்; விடியும் முன்பே வலி கண்டுவிட்டது. கையால் சுழற்றிக் கிளப்பும் ஹேண்டிலைப் போட்டு ஆள் மாற்றி ஆள் சுற்றியும் எஞ்சின் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் தோட்டத்து ஆட்கள் அவளைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கி, ஏற்றம் ஏறி, மெட்டில் நின்ற லாரியில் சேர்த்தார்கள். போடியில் டாக்டர் வீட்டை அடைந்தபோது குழந்தை உயிரோடு இல்லை.

இந்த வருடம் அக்கா மறுபடி உண்டாகியிருந்தாள். மாதம் நிறையும் வரை மலைப்பாதையில் எந்த வண்டியிலும் உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தை பிறக்கும் வரை அவள் மேலேயே இருந்தாக வேண்டும். இடையில் ஏதேனும் நேர்ந்தால் அவளை உடனே கீழே இறக்குவதற்காகத்தான் மச்சான் அந்தக் காரை வாங்கினார். ஊரார் அதை ஏலக்காய் விலையின் மிடுக்கு என்று பேசிக்கொண்டார்கள், அவர் மறுக்கவில்லை.

புதுக் காருக்குள் ஊற்றி அனுப்பும் எண்ணெய் தற்காலிகமானது. முதல் சில நூறு மைல் ஓடியதும், உராய்வில் உதிர்ந்த இரும்புத் துகளோடு அதை வடித்துவிட்டு, வண்டி இனி எந்த எண்ணெயில் ஓடப்போகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும். மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த என்னிடம், காரோடு வந்த ஆங்கிலக் கையேட்டை மச்சான் கொடுத்தனுப்பியிருந்தார். நான் அதைப் பாடப்புத்தகம்போல் படித்தேன். எண்ணெய்க்கு எண் உண்டு. எண் ஏற ஏறக் கெட்டி ஏறும். வெயில் மிகுந்த இடத்துக்கு ஓர் எண்ணும் குளிர்ந்த இடத்துக்கு ஓர் எண்ணும் அதில் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. ஒரே காலைப்பொழுதில் சித்திரையிலிருந்து மார்கழிக்கு ஏறிப்போகும் ஓர் ஊர் இருக்கக்கூடும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்பா வாங்கியிருந்தது ஐம்பதாம் நம்பர். கீழே சிலமலை வயலில் அவருடைய பம்புசெட் எஞ்சின் அந்த எண்ணெயில்தான் பல வருடங்களாகக் கோளாறின்றி ஓடியது. சீர் கிளம்புவதற்கு முந்திய நாள், பெரியப்பா மகனான லாரிக்கார அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, நான் பேச்சைத் தொடங்கினேன்.

“அப்பா, மலைக்கு முப்பதாம் நம்பர்தான் பொருந்தும்னு தோணுது.”

“முப்பது தண்ணி மாதிரிடா. ஐம்பதுன்னா அதுல ஒரு சத்து இருக்கும்,” என்றார் அப்பா.

அண்ணன் அவரோடு சேர்ந்துகொண்டார். “சித்தப்பா சொல்றதுதான் சரி. ஏத்தத்துல எஞ்சின் கொதிக்கிறப்ப மெல்லிசு எண்ணெய் ரசமாப் போயிரும். தம்பி புஸ்தகத்துல மலை ஏறுறாப்ல. நான் லோடு வண்டில ஏறுறேன்.”

“ஒங்க லாரி ராத்திரி எங்க படுக்குது, அண்ணே?”

“என் வீட்டு வாசல்லதான். ஏன், அதுக்குப் பாய் விரிக்கணுமா?”

“மச்சான் கார் மெட்டுல படுக்குது.”

“அப்ப அதுக்கு ஒரு கம்பளி வாங்கிக் குடு.”

அப்பா சிரித்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் அண்ணன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மெல்லிய எண்ணெய் கொதிக்கும் எஞ்சினில் மேலும் மெலிந்து, இரும்பை இரும்போடு உரசவிடும். அதன் விளைவு சில வருடங்களில் இயந்திரத்தின் தேய்மானமாகத் தெரியவரும். கெட்டி எண்ணெய் குளிரில் இறுகி எஞ்சினைச் சுழலவிடாது. அதன் விளைவு ஒரே காலையில் தெரிந்துவிடும், அதை அனுபவிக்கப்போவது இயந்திரம் அல்ல. இரண்டையும் எடைபோட்ட பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சீராகக் கொண்டுபோவதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் மச்சான் காரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார். மாலையில், எஞ்சினின் சூடு ஆறுவதற்குள், பழைய எண்ணெயை அடியிலிருந்து திறந்துவிட்டு இரவெல்லாம் வடியட்டும் என்று விட்டார். முப்பதாம் நம்பர் டின் ஒன்றை அவர் முன்பே வாங்கி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மறைத்து வைத்திருந்தார் என்பதைத் தனியாக என்னிடம் சொன்னார்.

“மாமா சீராக் கொண்டாந்திருக்காரு. அதை நான் எப்படி வேண்டாம்ங்கிறது, சொல்லு.”

நான் அடுப்படிக்குப் போனேன். அக்கா பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். உறைந்துபோன தேங்காயெண்ணெய் பாட்டில் அடுப்பின் கதகதப்பில் இளகிக்கொண்டிருந்தது. எண்ணெயின் நம்பரையும் கெட்டியையும் பற்றி நான் விளக்கியதை அவள் முழுவதும் கேட்டாள்.

“தெரியும், தம்பி. போன வருசமே தெரியும்,” என்றாள். “அந்த ஜீப்புலயும் அப்பா குடுத்த எண்ணெய்தான இருந்துச்சு. என்னய லாரில ஏத்திவிட்ட அன்னைக்கே, மத்தியானம் வெயில் ஏறுனதும் ஜீப்பு ஒரே சுத்துல கிளம்பிருச்சாம். ஒங்க மச்சான் பெறகு சொன்னாரு.”

“அப்பாட்ட ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்ல? நீங்க குடுத்த எண்ணெயாலதான் என் பிள்ளை போச்சுன்னா?”

கையேட்டை நானே அப்பாவிடம் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

“புஸ்தகத்தைக் காட்டுனா அவரு ஒன்கூட மல்லுக்கு நிப்பாரு. காலையில அவரு கையாலேயே ஊத்தட்டும்.” பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருளுகிறதா என்று பார்த்தாள். “நீ பேசாம பக்கத்துல மட்டும் நில்லு.”

விடிந்தபோது பள்ளம் முழுவதும் மூடுபனி நிறைந்திருந்தது. அப்பா குளித்து, திருநீறு பூசி, மேல்துண்டைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். மச்சான் எஞ்சின் மூடியைத் திறந்து புனலைப் பொருத்தினார்.

“அப்பா, சீர் குடுத்தவுகதான் மொதல்ல ஊத்தணும்,” என்றாள் அக்கா.

அப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அன்று காலை அவள் உண்டாக்கிய வழக்கம் அது. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

அவர் டின்னைச் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். விளிம்பில் எண்ணெய் தேனைப்போலத் திரண்டு எட்டிப்பார்த்து, மனமில்லாமல் புனலில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது.

“என்ன மாப்ளே, புனல் அடைச்சிருக்கா?”

மச்சான் புனலைத் தூக்கிக் காட்டினார். அதன் வாயிலிருந்து ஒரு தடித்த துளி தொங்கிக்கொண்டிருந்தது; விழவில்லை. “இல்ல, மாமா.”

அப்பா அந்தத் துளியை இரண்டு விரலுக்கிடையே எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். ஷெட்டுக்கு வெளியே பனிக்குள் ஏறி மறையும் பாதையைப் பார்த்தார். டின்னை மெல்ல நிமிர்த்திக் கீழே வைத்தார். அவர் மனம் எங்கே போகிறது என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

“ஆத்தா, போன வருசம் அந்த ஜீப்புல...” என்று மகளிடம் தொடங்கினார்.

“பேட்டரிப்பா,” என்றாள் அக்கா. “பேட்டரி போயிருந்துச்சு.”

அவள் குரலில் அவசரமும் இல்லை, நடுக்கமும் இல்லை. அப்பா மருமகனைப் பார்த்தார். “பேட்டரியா, மாப்ளே?”

“ஆமா, மாமா. பேட்டரிதான்,” என்றார் மச்சான், புனலைத் துடைத்தபடி.

எந்த நிலையிலும் உண்மையைச் சொல்வதே கடமை என்று கல்லூரியில் வாதாடியவன் நான். அன்று அந்த ஷெட்டில் நின்றபோது, உண்மையால் ஆகவேண்டிய காரியம் ஏற்கெனவே ஆகிவிட்டதை உணர்ந்தேன். எண்ணெய் எது என்பது முடிவாகிவிட்டது. அதற்கு மேல் உண்மை செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு முதியவரை மீதி நாட்களெல்லாம் உறங்கவிடாமல் வைப்பது. அக்கா அந்தக் கணக்கை முந்திய மார்கழியிலேயே, குழந்தையைப் பறிகொடுத்துப் படுத்திருந்த நிலையில் போட்டு முடித்திருக்கிறாள். அவளைவிட மேலான நீதி உணர்ச்சியைப் புத்தகங்களிலும் மேடைகளிலும் தேடியிருக்கிறேன், அதிகம் கண்டதில்லை.

அப்பா டின்னை ஓரமாக நகர்த்தினார். “இது வெயில்ல நிக்கிற எஞ்சினுக்குத்தான் சரி. கீழ ஒங்க பொட்டிபுரத்து வயல்ல பம்புசெட் இருக்குல்ல, அதுக்கு ஆகும், மாப்ளே. நீங்க வாங்கி வச்சிருக்கிறதைக் கொண்டாங்க.”

மச்சான் திடுக்கிட்டார். “நான் எதுவும்...”

“வாங்காம இருப்பீகளா? போங்க, வெரசா கொண்டாங்க. குளிருது.”

மச்சான் ஸ்டோரிலிருந்து டின்னைக் கொண்டுவந்தார். அக்கா ஐம்பதாம் நம்பரின் கழுத்திலிருந்த செவ்வந்திச் சரத்தைக் கழற்றி முப்பதாம் நம்பருக்குச் சுற்றி, நெற்றியில் குங்குமம் வைத்து, அப்பாவின் கையில் கொடுத்தாள். சீர் மச்சான் வீட்டை விட்டுத் திரும்பவும் இல்லை, கார் பொருந்தாத எண்ணெயைக் குடிக்கவும் இல்லை. அப்பா ஊற்றினார். எண்ணெய் பொன்னிறமாக, சத்தமின்றி, தடையின்றி இறங்கியது.

அண்ணனின் எச்சரிக்கையையும் மச்சான் ஒதுக்கிவிடவில்லை. ஏறும்போது பாதி மலையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டார். எண்ணெய் அளவுக்கம்பியை உருவிப் பார்க்காமல் எங்கும் கிளம்பியதில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “கம்பளி வாங்கிக் குடுத்தியா?” என்று மட்டும் கேட்டார்.

மார்கழி பாதி கடந்திருந்தது. ஏலக்காய் எடைபோட உதவுவதற்காக நான் தோட்டத்தில் தங்கியிருந்தேன். ஒரு விடியற்காலை மச்சான் என் கதவைத் தட்டினார். எட்டாம் மாதத்திலேயே அக்காவுக்கு வலி கண்டிருந்தது. ஷெட்டுக்கு ஓடினோம். ஸ்டார்ட்டர் முனகி அடங்கியது. மச்சான் ஹேண்டிலைச் செருகினார். முந்திய வருடம் கட்டிலைத் தூக்கிய ஆட்களில் இருவர் ஷெட் வாசலில் வந்து நின்றார்கள்.

முதல் சுற்றில் எஞ்சின் இருமியது. இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

முதல் கியரில் ஏற்றம் ஏறி மெட்டைத் தொட்டு, வளைவு வளைவாக இறங்கினோம். அக்கா பின் இருக்கையில் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். வலிக்கிடையிலும் கணவரிடம், “வெரசா போறேன்னு வளைவுல முறிக்காதீக. வண்டிதான் கிளம்பிருச்சுல்ல,” என்றாள்.

குழந்தை டாக்டர் வீட்டில் பிறந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்த பெண் குழந்தை. பஞ்சில் சுற்றித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் வீதி வரை கேட்கும்படி அழுதது. சேதி கேட்டு வந்த அப்பா வாசலில் நின்ற காரை ஒருமுறை சுற்றிவந்தார்.

“எப்படி எடுத்துச்சு, மாப்ளே?”

“ரெண்டாவது சுத்துல, மாமா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த கார்த்திகைக்கு அப்பா எடுத்து வைத்த தாம்பாளங்களில் பேத்திக்கு வெள்ளிக் கொலுசு இருந்தது. பக்கத்தில் முப்பதாம் நம்பர் டின், பூவும் பொட்டுமாக. அதற்கும் பக்கத்தில், தனித் தாம்பாளத்தில், சந்தனம் இட்ட ஒரு புது பேட்டரி.

மலை வீட்டில் அதைக் கண்டதும் அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அந்தத் தடவை அதுதான போயிருந்துச்சு, ஆத்தா,” என்றார் அப்பா. “இனிமே போகக் கூடாதுல்ல. அதான்.”

தான் சொன்னதை அவர் நம்பினாரா, நம்பியதாக இருக்க முடிவு செய்துகொண்டாரா என்று அக்கா கேட்கவில்லை. நானும் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. அவள் குனிந்து தாம்பாளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பாத்து, கனம்,” என்றார் அப்பா.

மச்சானும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை உள்ளே கொண்டுபோய் வைத்தோம்.